சேர்ந்து போவதா, பின்னால் போவதா, இங்கேயே இருப்பதா: துணையின் வெளிநாட்டு வேலையை முன்வைத்து ஓர் ஒப்பீடு

சென்ற மாதம் ஒரே வாரத்துக்குள் இரண்டு தம்பதியர், ஏறத்தாழ ஒரே கேள்வியுடன், திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டு விறாந்தையில் வந்து அமர்ந்தார்கள். முதல் வீட்டில் கணவருக்கு டுபாய்க் கட்டடக் கம்பனியொன்றில் கியூ.எஸ். (கட்டட அளவும் செலவும் கணக்கிடும்) வேலை வந்திருக்கிறது, மனைவி நகரப் பாடசாலையொன்றில் 8 ஆண்டுகளாகக் கற்பிக்கும் ஆசிரியை. இரண்டாவது வீட்டில் வேலை வந்தது மனைவிக்கு. அவர் தாதி; இங்கிலாந்திலுள்ள வைத்தியசாலையொன்று அவரைத் தெரிவு செய்திருக்கிறது. கணவர் சீனக்குடாப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர்.

"சம்பளம் நல்லம்தான் அக்கா, அதில ஒரு குறையும் சொல்லேலாது. ஆனா நான் அங்க போய் என்ன செய்யிறது?" என்று ஆசிரியை நேராகவே கேட்டார். இரண்டு நாள் கழித்து வந்த தாதியின் கணவரும் அதையேதான் கேட்டார், ஆனால் வேறு விதமாக. தேநீர்க் கோப்பையைக் கையில் உருட்டிக்கொண்டு, அந்த நாட்டில் வாகனம் ஓட்ட லைசென்ஸ் எடுப்பது கடினமா என்று மட்டும் விசாரித்தார்.

2014 முதல் 2017 வரை கணவரின் வேலைக்காக டுபாயில் குடும்ப வீசாவில் இருந்துவிட்டுத் திரும்பியவள் என்பதால் என்னிடம் இத்தகைய கேள்விகள் வருகின்றன. வருபவர்கள் எல்லோரும் நியமனக் கடிதத்தைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். அதில் சம்பளம் இருக்கிறது, விமானச்சீட்டு இருக்கிறது, லீவு இருக்கிறது. உடன்செல்லும் துணையைப் பற்றி ஒரு வரியும் இருப்பதில்லை. ஆனால் தீர்மானம் தங்கியிருப்பது அந்த எழுதப்படாத வரியில்தான் என்பது என் அனுபவம்.

## எதை வைத்து அளப்பது

முதலாவது அளவுகோல், உடன்செல்பவர் அந்த நாட்டில் சட்டப்படி உழைக்க முடியுமா என்பது. இரண்டாவது, அவர் இங்கே விட்டுச் செல்லும் உத்தியோகம் அவருக்காகக் காத்திருக்குமா என்பது. மூன்றாவது, இரண்டாவது ஆள் செல்வதால் கூடும் செலவு. நான்காவது, பெற்றோருக்குத் திடீரென ஏதும் நேர்ந்தால் எத்தனை மணித்தியாலத்தில் திருகோணமலைக்கு வந்து சேரலாம் என்பது. ஐந்தாவது, பிள்ளை இருந்தால் அதன் வகுப்பு. ஆறாவது, வேலை பாதியில் முறிந்தால் யாருக்கு என்ன மிஞ்சும் என்பது.

இந்த ஆறும் ஒரே எடையுள்ளவை அல்ல. மூன்றாவதைச் சிக்கனத்தாலும், நான்காவதை ஒரு சகோதரரின் உதவியாலும் ஓரளவு சமாளிக்கலாம். முதல் இரண்டும் அப்படியல்ல. 33 வயதில் கைவிட்ட நிரந்தர உத்தியோகம் 37 வயதில் அதே படியில் திரும்பக் கிடைப்பதில்லை. உழைத்துப் பழகிய ஒருவர் சட்டத்தின் பெயரால் வீட்டில் அடைபடும் ஆண்டுகளை எந்தச் சம்பளமும் ஈடுசெய்வதில்லை. எனவே, முதலிரு கேள்விகளுக்கும் எழுத்தில் விடை கிடைக்கும்வரை மற்ற நான்கைப் பற்றிப் பேசுவது வீண் என்றே வந்தவர்களிடம் சொன்னேன்.

## நாடு முதலில், சம்பளம் பிறகு

ஒரே சம்பளம் இரண்டு நாடுகளில் இரண்டு வேறு வாழ்க்கைகளைத் தருகிறது. எங்கள் பகுதியிலிருந்து பெரும்பாலும் செல்லும் நாடுகளின் நிலைமையைக் கீழே தருகிறேன்.

| நாடு | துணை வேலை செய்யலாமா | கடிதத்தில் வராத செலவும் நிபந்தனையும் |
|---|---|---|
| ஐக்கிய அரபு இராச்சியம் | குடும்ப வீசாவிலேயே இருந்துகொண்டு, வேலை தரும் நிறுவனம் அனுமதிப்பத்திரம் எடுத்துத் தந்தால் செய்யலாம் | துணையை அழைக்க மாதம் 4,000 திர்ஹாம், அல்லது 3,000 திர்ஹாமும் தங்குமிடமும் வேண்டும். டுபாயில் துணையின் மருத்துவக் காப்புறுதி அழைப்பவரின் பொறுப்பு |
| சவூதி அரேபியா | குடும்ப வீசாவை மட்டும் வைத்துக்கொண்டு முடியாது | உடன் இருக்கும் ஒவ்வொரு குடும்ப உறுப்பினருக்கும் மாதம் 400 ரியால் கட்டணம் |
| சிங்கப்பூர் | 2021 மே 1 முதல், துணை தன் பெயரிலேயே வேலை அனுமதி பெற வேண்டும் | துணையை அழைக்கவே மாதம் குறைந்தது 6,000 சிங்கப்பூர் டொலர் சம்பளம் வேண்டும் |
| பிரித்தானியா | திறன்சார் பணியாளரின் துணை ஏறத்தாழ எந்த வேலையும் செய்யலாம் | வளர்ந்த ஒருவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண் சுகாதாரக் கட்டணம், வீசாக் காலம் முழுவதற்கும் முன்கூட்டியே |
| கனடா | 2025 ஜனவரி 21 முதல், உயர் திறன் வேலையிலும் தெரிவு செய்யப்பட்ட சில துறைகளிலும் உள்ளவர்களின் துணைக்கு மட்டும், எந்த நிறுவனத்திலும் வேலை செய்ய விடும் திறந்த வேலை அனுமதி | முதன்மையானவரின் அனுமதியில் குறைந்தது 16 மாதம் மீதமிருக்க வேண்டும் |
| அவுஸ்திரேலியா | தொழில் வழங்குநர் அழைக்கும் திறன்சார் வீசாவில் வரும் துணைக்குக் கட்டுப்பாடில்லை | இருவருக்கும் தனியார் மருத்துவக் காப்புறுதி. சில மாநிலங்களில் அரச பாடசாலைக்கும் கட்டணம் |

பிரித்தானிய வரியைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகமானோர் தடுமாறும் இடம் அது. மூன்றாண்டு வீசாவில் கணவனும் மனைவியும் சென்றால் சுகாதாரக் கட்டணம் மட்டும் 1,035 × 3 × 2, அதாவது 6,210 பவுண். இது விண்ணப்பிக்கும்போதே கட்ட வேண்டிய தொகை. ஆனால் தாதியர் செல்வது சுகாதார, பராமரிப்புப் பணியாளர் வீசாவில். அதற்கு இந்தக் கட்டணம் இல்லை, துணைக்கும் இல்லை. அதே வீசாவில் செல்லும் பராமரிப்பு ஊழியர்களோ 2024 மார்ச் 11 முதல் குடும்பத்தை அழைத்துச் செல்ல முடியாது. 2025 யூலை 22 முதல் அந்த வேலைக்கு வெளிநாடுகளிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதே நிறுத்தப்பட்டுவிட்டது. தாதி வேறு, பராமரிப்பு ஊழியர் வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசி, "குடும்பத்தோட போகலாம்" என்று இப்போதும் ஒருவர் முற்பணம் கேட்டால், அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

ஒரு பத்து மாத இடைவெளிக்குள் பிரித்தானியாவும் கனடாவும் துணைக்குரிய விதிகளை மாற்றியிருக்கின்றன. ஆகவே முன்பு போன மைத்துனரின் அனுபவத்தை ஆதாரமாகக் கொள்ளாமல், அந்தந்த அரசின் குடிவரவு இணையத்தளத்தில் விண்ணப்பிக்கும் வாரத்தில் உள்ளதைப் பார்ப்பதே பாதுகாப்பானது.

## முதலாவது வழி: இருவரும் ஒன்றாகவே புறப்படுவது

மனம் முதலில் விரும்புவது இதைத்தான், அதில் தவறில்லை. ஒரு கூரை, ஒரு சமையல், புதிய ஊரின் தடுமாற்றங்களைச் சேர்ந்து சிரித்துக் கடக்கும் வாய்ப்பு. புதிதாகத் திருமணமானவர்களுக்கு இது எளிதில் விட்டுக்கொடுக்கக்கூடியதல்ல.

ஆனால் செலவு முதல் மாதத்திலேயே வந்துவிடும். டுபாயை எடுத்துக்கொள்வோம். தனியாளுக்குக் கம்பனி பகிர்வு அறை தரும். தம்பதியருக்கு வீடு எடுக்க வேண்டும். வாடகை ஆண்டுக் கணக்கில் பேசப்பட்டு, காசோலைகளாக முன்கூட்டியே கொடுக்கப்படும். ஆண்டுக்கு 48,000 திர்ஹாம் வாடகையுள்ள தளபாடமற்ற வீடு என்று வைத்துக்கொண்டால், நான்கு காசோலையில் முதலாவது 12,000. வழமையான 5% வைப்புத் தொகை 2,400. தரகருக்கு 5% என்றால் இன்னொரு 2,400. மின்சாரம், தண்ணீருக்கு வைப்பு 2,000. முதலாவது சம்பளம் கைக்கு வருமுன் 18,800 திர்ஹாம் போய்விடுகிறது. அதற்குமேல் ஆண்டு வாடகையில் 5% மாநகரசபை வீட்டுக் கட்டணமாக மின்சாரப் பட்டியலோடு மாதாமாதம் சேர்ந்து வரும். இங்கே அது மாதம் 200. இதைச் சமாளிக்க எத்தனை பேர் புறப்படும் வாரத்தில் நகையை அடைவு வைக்கிறார்கள் என்பது திருமலை நகரின் அடைவு கடைக்காரர்களுக்குத்தான் தெரியும். வருமான வரி இல்லை என்பதைச் சொல்பவர்கள் இந்தப் பட்டியலைச் சொல்வதில்லை.

இழப்பின் பக்கத்திலும் ஒரு தொகை இருக்கிறது. நான் இங்கே ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பகுதியில் இருந்தேன். வேலையை விட்டபோது போனது சம்பளம் மட்டும்தான் என்று நினைத்தேன். உண்மையில் ஊழியர் சேமலாப நிதிக்கு நான் கட்டிய 8%, நிறுவனம் கட்டிய 12%, ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கான 3% ஆகியவையும் சேர்ந்து நின்றன. சம்பளத்தில் 23% வீதம் முதுமைக்காகச் சேர்ந்துகொண்டிருந்த தொகை அது. டுபாயில் கணவரின் சம்பளத்தை எங்கள் இருவரின் பழைய சம்பளத்தோடு ஒப்பிட்டபோது இதை நாங்கள் கூட்டவே இல்லை.

மூன்றாவது செலவு காகிதங்களில் வருகிறது. எங்கள் திருமணப் பதிவு, ஊரில் சொல்வதுபோல் 'எழுத்து', தாலி கட்டுக்கு ஐந்து மாதம் முன்னரே நடந்தது. குடும்ப வீசாவுக்கான படிவத்தை நிரப்பும்போது நான் யோசிக்காமல் தாலி கட்டிய திகதியை எழுதிவிட்டேன். அதுதானே எங்களுக்குக் கலியாண நாள். சான்றிதழில் வேறு திகதி. போதாததற்கு, தமிழ்ச் சான்றிதழை ஆங்கிலத்துக்கு மாற்றிய மொழிபெயர்ப்பாளர் என் தந்தையின் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டியிருந்தார். கடவுச்சீட்டில் அந்த எழுத்து இல்லை. முழு விண்ணப்பமும் திரும்பி வந்தது. திருத்தி, மீண்டும் அத்தாட்சிப்படுத்தி, கொழும்பிலுள்ள தூதரகத்தின் முத்திரையையும் பெற்று முடிக்க ஏழு வாரம் சென்றது. இப்போது வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிராந்திய அலுவலகம் திருகோணமலையிலேயே இருப்பதால் அந்த அலைச்சலில் ஒரு பாதி குறைந்திருக்கிறது. ஆனால் பெயர் எழுத்துக்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை எந்த அலுவலகமும் உங்களுக்காகச் செய்வதில்லை.

பிறகு, பூட்டிய வீடு. கார்த்திகை, மார்கழி மழைக்குப் பின் கிணற்றடியிலும் தாங்கியிலும் பீலியிலும் தேங்கும் தண்ணீர் வீட்டுக்காரர் டுபாயில் இருக்கிறார் என்று பார்த்து வற்றுவதில்லை. நுளம்பு பெருகுவதைத் தடுப்பதற்கான 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி பொறுப்பு வளவுக்குரியவருக்கே. எங்கள் படலையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் அறிவித்தல் ஒட்டப்பட்டதை அயல்வீட்டு அக்கா படம் எடுத்து அனுப்பியபோதுதான், திறப்பை ஒருவரிடம் கொடுத்தால் மட்டும் போதாது, மாதம் ஒருமுறை சுத்தம் செய்யக் கூலியும் கொடுக்க வேண்டும் என்று விளங்கியது. காணி, வங்கி அலுவல்களுக்கு நம்பிக்கையான ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் (நம் சார்பில் செயற்படும் அதிகாரப் பத்திரம்) எழுதிவைத்துவிட்டுப் போவதும் இதே வகைச் செலவு. வெளிநாட்டில் பிள்ளை பிறந்தால், ஓராண்டுக்குள் இலங்கைப் பிரசையாகப் பதிந்துவிடுவதே முறை என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கில் எழுத முடியாத ஒன்றும் இருக்கிறது. முதல் வாரத்தில் கணவர் காலை 6.15க்கு லிப்டில் இறங்கிப் போவார். ஒன்பது மணிக்குள் மதியச் சமையலும் முடிந்துவிடும். எதிர்க்கட்டடத்தின் ஏ.சி. பெட்டிகளை எண்ணினேன், 44. வீட்டு ஒப்பந்தம், மின்சாரம், என் சிம் அட்டை, வங்கிக் கணக்கு எல்லாம் அவர் பெயரில். அவர் குசினியில் ஒரு தகர டப்பாவில் எப்போதும் காசு வைத்துவிட்டுத்தான் போவார், கேட்கத் தேவையில்லை என்றும் சொல்வார். இருந்தும் நான் 20 திர்ஹாம் எடுத்தாலும் மாலையில் அவரிடம் கணக்கு ஒப்புவித்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்டதற்காக அல்ல. பத்து ஆண்டுகள் பிறருடைய கணக்கைப் பார்த்த கைக்கு அது ஒன்றுதான் வேலையாக இருந்தது. ஒன்பதாம் மாதம் ஒரு சிறிய கடைக்குப் பகுதிநேரக் கணக்கெழுதும் அனுமதி கிடைத்தபின், அந்த டப்பாவிலிருந்து எவ்வளவு எடுத்தேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

ஆகவே இந்த வழி பொருந்துவது, துணைக்கு வேலை உரிமை முதல் நாளிலேயே உள்ள நாடு, வீட்டைக் கம்பனியே தரும் ஒப்பந்தம், பிள்ளை இல்லாத அல்லது பாடசாலைக்கு எட்டாத பிள்ளையுள்ள வீடு, பெற்றோருக்கு அருகில் வேறொரு பிள்ளை இருக்கும் குடும்பம் ஆகியவற்றுக்கு. இவற்றுள் மூன்றாவது இருந்தால் நல்லது, முதலாவது இல்லாவிட்டால் போகவே வேண்டாம் என்பேன்.

## இரண்டாவது வழி: ஒருவர் முன்னே, மற்றவர் பின்னே

ஆறு மாதமோ ஓராண்டோ கழித்துத் துணை செல்வது. இதை அரைமனத் தீர்மானம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஐக்கிய அரபு இராச்சியத்தின் தொழிற் சட்டத்தில் பரீட்சார்த்தக் காலம் 6 மாதம் வரை போகலாம். அக்காலத்தில் 14 நாள் அறிவித்தலுடன் ஒருவரை நிறுத்திவிடலாம். வேலை பார்ப்பவரின் வீசா போனால், அதில் தொங்கும் துணையின் வீசாவும் போகும். அந்த ஆறு மாதத்துக்குள் இங்கே உத்தியோகத்தை விட்டு, வீட்டைப் பூட்டி, பிள்ளையின் விடுகைப் பத்திரமும் எடுத்து, இருவரும் ஒரே கிளையில் ஏறி நிற்பது துணிச்சல் அல்ல. தாதியின் நிலையும் இதுவே: இங்கிலாந்தில் இறங்கிய பின் செய்முறைத் தேர்வில் தேறினால்தான் அவர் பதிவுபெற்ற தாதியாக வேலை செய்யலாம். அந்தத் தேர்வுக்குப் படிக்கும் வாரங்களில் வைத்தியசாலை தரும் தனியறையில் அவர் ஒருவர் இருப்பது, புதிய ஊரில் இருவருக்கு வீடு தேடி அலைவதைவிட நல்லது.

இதிலும் மறைந்த செலவு உண்டு. இரண்டு அடுப்பு எரியும். பின்னால் செல்பவர் விண்ணப்பம், அத்தாட்சிப்படுத்தல், மருத்துவப் பரிசோதனை, பொலிஸ் சான்றிதழ் அனைத்தையும் தனியாளாகப் பார்த்து, வீட்டையும் தனியாளாகவே ஒதுக்க வேண்டும். எல்லாவற்றிலும் பெரியது, ஆறு மாதம் இரண்டு ஆண்டாக நீளும் ஆபத்து. 'அடுத்த ஆவணி', 'தீபாவளிக்குப் பிறகு', 'கடன் முடியட்டும்' என்று தள்ளித் தள்ளி, தீர்மானம் எடுக்காமலேயே மூன்றாவது வழிக்குள் வந்து விழுந்த வீடுகளை நான் அறிவேன். எனவே திகதி குறிக்க வேண்டும், அந்தத் திகதிக்குள் எது நடக்காவிட்டால் முன்னே போனவர் திரும்பி வருவார் என்பதையும் பேசி முடிக்க வேண்டும்.

அரச உத்தியோகத்தவருக்கு இந்த வழி கூடுதலாகப் பொருந்துகிறது, ஏனென்றால் சம்பளமற்ற லீவு பெற அவகாசம் கிடைக்கிறது. 2022ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை, வெளிநாட்டு வேலைக்காக 5 ஆண்டுகள் வரை, சேவை மூப்புக்கும் ஓய்வூதியத்துக்கும் பாதிப்பின்றி, சம்பளமற்ற லீவுக்கு வழிசெய்தது. சுற்றறிக்கைகள் மாறுகின்றன, துணையோடு இருக்கச் செல்வதும் வேலைக்குச் செல்வதும் ஒரே விதியின்கீழ் வராமலும் போகலாம். ஆகையால் வலயக் கல்வி அலுவலகத்தில் இன்று எது நடைமுறையில் உள்ளது என்று கேட்டு, விடையைக் கடிதமாகப் பெறுவதே முறை. அனுமதி கையில் கிடைக்குமுன் விமானம் ஏறுபவர், சேவையைக் கைவிட்டவராகக் கருதப்படுவார். லீவு கிடைத்தாலும் அது பதவிக்குத்தான் காவல். அதே பாடசாலையின் அதே வகுப்பறைக்கு அல்ல. நகரத்தில் இருந்தவர் திரும்பி வந்து மூதூர் வலயத்துக்கோ வெருகலுக்கோ போகத் தயாராக இருக்க வேண்டும்.

ஆசிரியைகளுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். கல்வியியற் கல்லூரியின் டிப்ளோமா இங்கே நிரந்தர ஆசிரியர் நியமனத்துக்குப் போதுமானது. டுபாய்ப் பாடசாலைகளில் பொதுவாகப் பட்டம் கேட்கிறார்கள். என்னிடம் வந்தவர் பட்டப்படிப்பை இடையில் நிறுத்தியிருந்தார். அந்தப் பின்னே போகும் காலத்தை அதை முடிக்கப் பயன்படுத்தினால், அவர் அங்கே இறங்கும்போது 'என்ன செய்யிறது' என்ற கேள்விக்கு விடையும் கையோடு போகும்.

## மூன்றாவது வழி: ஒருவர் அங்கே, மற்றவர் இங்கே

பணம் அதிகம் மிஞ்சும் வழி இது. அதை மறைக்கத் தேவையில்லை. பகிர்வு அறையில் ஒருவர், இங்கே சொந்த வீட்டில் மற்றவர், அவருடைய சம்பளம் தொடர்கிறது, சேமலாப நிதியும் தொடர்கிறது. காணிக்கடன் முடித்து, வீட்டின் மேல்தளமும் போட்டுவிட்டு மூன்றாண்டில் திரும்பியவர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறார்கள்.

குறைகிற பக்கத்தைக் கடிகாரத்தில் பார்க்கலாம். டுபாய் நேரம் எங்களுக்கு ஒன்றரை மணித்தியாலம் பின்னால். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் பேசலாம். இங்கிலாந்து கோடையில் நாலரை மணித்தியாலமும், குளிர்காலத்தில் ஐந்தரை மணித்தியாலமும் பின்னால். பகல் வேலை முடிந்து இரவு 8 மணிக்கு வெளியே வரும் தாதி, மார்கழி மாதத்தில் இங்கே அழைத்தால் அதிகாலை 1.30. பிள்ளை உறங்கிவிட்டிருக்கும்; கணவரும் உறங்கிக்கொண்டே பேசுவார்.

வெளிநாட்டில் ஒருவர் இருக்கிறார் என்ற செய்தி ஊருக்குள் பரவியதும், முதலில் படலையைத் திறந்துகொண்டு வருவது பற்றுச்சீட்டுப் புத்தகம்தான்: கோயில் திருப்பணி, விளையாட்டுக் கழகம், பழைய மாணவர் சங்கம். அவற்றைத் தொடர்ந்து கைமாற்றுக் கேட்கும் உறவினர். இங்கே இருப்பவர் இல்லை என்று சொல்லப் பழகாவிட்டால், தனித்திருந்து மிச்சப்படுத்திய காசு தெருவிலேயே கரைந்துவிடும். பிள்ளை வேண்டும் என்று நினைக்கும் தம்பதியர், தள்ளிப்போடும் ஆண்டுகளையும் ஒரு செலவாகவே எழுத வேண்டும். இதைப் பெற்றோர் முன்னிலையில் பேச முடியாது, இருவரும் தனியே பேச வேண்டும்.

இருந்தும் இதுவே சரியான தெரிவாகும் நிலைமைகள் உண்டு. அவற்றில் பிள்ளையின் வகுப்பே முதன்மையானது. பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான துறைகளுக்கு 40% இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55% மாவட்ட அடிப்படையிலும், 5% கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கெனவும் ஒதுக்கப்படுகின்றன. பின்தங்கியவையாகக் கொள்ளப்படும் 16 மாவட்டங்களுள் திருகோணமலையும் ஒன்று. மாவட்டத்தைத் தீர்மானிப்பது உயர்தரப் பரீட்சைக்கு முந்திய மூன்றாண்டுகளில் பிள்ளை படித்த பாடசாலை. எனவே 10ஆம் வகுப்புப் பிள்ளையை வெளிநாட்டுக்குக் கொண்டுபோய், ஓரிரு ஆண்டில் வேலை முடிந்து திரும்பும் குடும்பம், பிள்ளைக்கு இயல்பாக இருந்த மாவட்ட வாய்ப்பை அறியாமலேயே சிக்கலாக்கிக்கொள்கிறது. தரம் 3இல் உள்ள பிள்ளைக்கு இந்தக் கவலை இல்லை. புலமைப்பரிசில் ஒன்று தவறினால் வானம் இடிந்து விழாது.

மற்றையது பெற்றோர். படுக்கையில் உள்ள தாய்க்குப் பணிப்பெண் வைக்கலாம், ஆனால் அந்தப் பணிப்பெண்ணைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். இரவு ஒரு மணிக்குத் தொலைபேசி அடித்தால் என்ன நடக்கும் என்பதை முன்கூட்டி நினைத்துப் பார்ப்பது அபசகுனம் அல்ல. டுபாயிலிருந்து கட்டுநாயக்கவுக்கு நாலரை மணித்தியால விமானம், அங்கிருந்து தரைவழியே வாகனத்தில் ஆறு மணித்தியாலம். சீட்டுக் கிடைத்தால் அடுத்த நாள் பொழுதுபடுமுன் வந்துவிடலாம். இலண்டனிலிருந்து நேரடி விமானமே ஏறத்தாழ 11 மணித்தியாலம். கொள்ளி வைக்க வேண்டியவர் ஒரே மகன் என்றால் இந்த வேறுபாடு சிறியதல்ல.

ஓய்வூதியத் தகுதிக்கு 10 ஆண்டு சேவை வேண்டும் என்பதும் இங்கே கணக்கில் வரும். 8 ஆண்டு முடித்த ஆசிரியை பதவியை விட்டு விலகினால், அந்த எட்டும் வெறும் அனுபவச் சான்றிதழாக மட்டும் மிஞ்சும்.

நான்காவதாக, வந்த வேலையை வேண்டாம் என்று விடும் வழியும் இருக்கிறது. துணை உழைக்க முடியாத நாடு, கம்பனி வீடு தராத ஒப்பந்தம், இங்கே இருவருக்கும் நிரந்தர உத்தியோகம் என்ற மூன்றும் ஒன்றுசேர்ந்தால், அந்தக் கடிதத்தை மடித்து வைப்பதில் ஒரு வெட்கமும் இல்லை.

## கம்பனியிடம் கேட்டுவிட வேண்டியவை

ஒப்பமிடுமுன் மின்னஞ்சலில் கேட்க வேண்டியவை சில. ஒப்பந்தம் குடும்ப அந்தஸ்துக்குரியதா, தனியாளுக்குரியதா? வீட்டுப்படி முன்பணமாகத் தரப்படுமா? ஆண்டு விமானச்சீட்டு ஒருவருக்கா, இருவருக்கா? துணையின் மருத்துவக் காப்புறுதியை யார் கட்டுவது? வேலையை அவர்களே நிறுத்தினால் துணையின் திரும்பும் சீட்டு யாருடையது? தொலைபேசியில் தரும் வாக்குறுதி விறாந்தைப் பேச்சுக்குத்தான் உதவும். வேலைக்குச் செல்பவர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்துவிட்டே புறப்பட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் படித்தவர்கள்தான் இதை விடுகிறார்கள்.

## அந்த இரண்டு வீடுகள்

கியூ.எஸ். வேலை பெற்றவரும் ஆசிரியையும் இரண்டாவது வழியைப் பிடித்திருக்கிறார்கள். அவர் முன்னே போகிறார். ஓகஸ்ட் விடுமுறையில் ஆசிரியை ஒரு மாதம் வருகை வீசாவில் போய், சுற்றுலாப் பார்க்காமல், பேருந்தில் சந்தைக்குப் போய், வாடகை விசாரித்து, நாலு பாடசாலைகளில் கதவைத் தட்டிவிட்டு வருவார். சம்பளமற்ற லீவு விண்ணப்பம் வலயத்தில் இருக்கிறது. பட்டப்படிப்பின் மீதிப் பாடங்களுக்கும் பதிந்துவிட்டார்.

தாதியின் கணவருக்கு அவர் கேட்ட கேள்விக்கே முதலில் விடை சொன்னேன்: இலங்கை லைசென்சுடன் பிரித்தானியாவில் குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் ஓட்டலாம், அதற்குள் அந்நாட்டுப் பரீட்சையில் தேற வேண்டும். பிறகு மற்றதையும் சொன்னேன். அவருக்கு அங்கே வேலை உரிமை முதல் நாளிலேயே உண்டு; ஆனால் முதல் வேலை மேற்பார்வையாளர் வேலையாக இருக்காது, களஞ்சியத்தில் பெட்டி அடுக்குவதாக இருக்கலாம். அவர் தலையசைத்தார். மனைவி செய்முறைத் தேர்வில் தேறிய மாதத்திலேயே தானும் புறப்படுவதாக இருவரும் பேசி முடித்திருக்கிறார்கள். தொழிற்சாலை லீவு தராது. வேலையை விடத்தான் வேண்டும். தாயாரை மாதாமாதம் பெரியாஸ்பத்திரி நீரிழிவு கிளினிக்குக்கு யார் கூட்டிப்போவது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. மூதூரிலிருந்து வந்து பார்ப்பதாகத் தங்கை சொல்லியிருக்கிறார். அவருக்கும் மடியில் கைக்குழந்தை.